பினாங்கில் டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) பரிசோதனைக்கு எங்கே போவது?

வணக்கம். அண்ணன் மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கதை கேட்டால் வாய் ஓயாமல் சொல்வான். புத்தகத்தைத் திறந்தால் 'படம்' என்பதைப் 'பட்டம்' என்று வாசித்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பான். மலாய் எழுதும்போது 'பி'யும் (b) 'டி'யும் (d) திரும்பிக்கொள்ளும். பள்ளியின் பெமுலிஹான் (குறைநீக்கல்) வகுப்புக்குப் போகிறான், முன்னேற்றம் குறைவு. சோம்பல் என்கிறார்கள் உறவினர்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பிபிகேஐ (சாதாரணப் பள்ளிக்குள் நடக்கும் சிறப்புக் கல்வி) வகுப்புக்கு மருத்துவச் சான்று தேவை, 2013 சிறப்புக் கல்வி விதிமுறைப்படி சேர்ந்தபின் அதிகபட்சம் 3 மாதம் தகுதிகாண் காலம். இவ்வளவு தெரியும்.

பரிசோதனைக்கு முதலில் கிளினிக் கெசிஹாத்தானா (அரசு சுகாதார மையமா), நேரே அரசு மருத்துவமனையா? எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள்? தமிழில் வாசிக்க வைத்துப் பார்க்கும் நிபுணர் யாராவது உண்டா? அப்புறம், ஓகேயு (மாற்றுத்திறனாளி) அட்டை எடுத்தவர்கள் பிள்ளையிடம் அதை எப்படிச் சொன்னீர்கள்? அண்ணி அதற்குத்தான் தயங்குகிறார். பட்டர்வொர்த் பக்கம் என்றால் இன்னும் நல்லது.