பதில்: இலையை ‘நறுக்கல்’ போதுமா, ‘துமித்தல்’ வேண்டுமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,
செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வாலையில் (நீராவியால் எண்ணெய் வடிக்கும் கலத்தில்) ஏற்றுமுன் இலையை வெட்டுவது, இடிப்பது, வாட்டுவது எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். ‘பதப்படுத்தல்’ என்று போட்டிருந்தேன். கெடாமல் காப்பது என்றே மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

> பொதுவாக ஒரு சொல்

துமித்தல். துமி என்றால் வெட்டு, துளி என்றும் பொருள். இலையைத் துமித்தால் எண்ணெய் துமியாக இறங்கும். கம்பர் கையாண்டு, ஒட்டக்கூத்தர் மறுத்து, மோர் கடைந்த பெண்ணின் வாயால் நிலைபெற்ற சொல் என்பார்கள்.

> ஒட்டக்கூத்தர் மறுத்து

ஐயா, அந்தக் கதையில் துமி மோர்த்துளிதானே, வெட்டு எங்கே வந்தது? கூத்தருக்கே விளங்காததை முதலாண்டு மாணவர் தலையில் கட்டலாமா? சித்த மருத்துவத்தில் ‘ஒன்றிரண்டாக இடித்தல்’ என்று அழகாகச் சொல்கிறோமே.

> ஒன்றிரண்டாக இடித்தல்

எல்லா இலைக்கும் இடி ஆகாது, அம்மா. புதினா, துளசியில் எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள சுரப்பித் தூவிகளில் (எண்ணெய் சுரக்கும் நுண்மயிர்களில்) இருக்கிறது. நீராவி பட்டாலே வெளிவரும். இடித்தால் வாலைக்குப் போகுமுன்பே மணம் காற்றோடு போய்விடும். யூகலிப்டசில் எண்ணெய்ப்பைகள் இலைக்கு உள்ளே. முழு இலையாகப் போட்டால் எண்ணெய் வெந்நீரோடு திசுக்களின் ஊடே மெல்லக் கசிந்து வரவேண்டும். நறுக்கினால் அந்த வழியின் தொலைவு குறையும். எலுமிச்சைப்புல்லைச் சற்று வாட்டினால் ஈரம் குறைந்து கலத்தில் கூடுதலாகக் கொள்ளும். மாவாக அரைப்பது வேறு தொல்லை: பொடி இறுகிவிடும், நீராவி ஓரிடத்தில் துளைத்துக்கொண்டு மேலேறிவிடும், மற்ற இலையெல்லாம் சும்மா கிடக்கும். இத்தனையையும் ஒரே சொல்லில் அடைத்தால் மாணவர் புதினாவை அம்மியில் வைப்பார்.

அதே பக்கத்தில் ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று வேறு இருக்கிறது. ஆங்கில மூலச்சொல் ‘எசென்ஷியல்’ இங்கே சாரத்தைக் குறிப்பது, தேவையை அன்று. அதைத் திருத்தாமல் துமிக்குச் சண்டை போடுகிறோம்.

> அத்தியாவசிய எண்ணெய்

‘நறுமண எண்ணெய்’ என்று மாற்றிவிட்டேன், நன்றி. பொதுத்தலைப்பு ‘இலை ஆயத்தம்’. அதன்கீழ் நறுக்கல், இடித்தல், வாட்டல் தனித்தனியே. பெரும்பாலோர் சரி என்றிருக்கிறார்கள் (சிலர் அலுப்பில்தான்).

> இலை ஆயத்தம்

ஆயத்தம் வடசொல். ‘அணியம்’ இருக்க அது எதற்கு? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். ‘வாட்டல்’ பிறவினைத் தொழிற்பெயரா என்பதைத் தனி இழையில் எழுதுகிறேன்.