முதல் மான் வேட்டை: பையில் எதை வைப்பது, எதை விடுவது?

புதுத்தடம்:
வணக்கம். அடுத்த மாதம் முதல்முறையாக மான் வேட்டைக்குப் போகிறேன். உரிமமும் அனுமதிச்சீட்டும் கையில் இருக்கின்றன. மூன்று நாள் பயணம். தினமும் விடியும் முன் முகாமிலிருந்து நடந்து போய், இருட்டிய பிறகு திரும்ப வேண்டும். இரவில் குளிர் உறைநிலையைத் தொடும் என்கிறார்கள். ரைபிள், ஸ்கோப் (ரைபிள் மேல் பொருத்திக் குறிபார்க்கும் கண்ணாடி), 40 தோட்டா, இரண்டு பெரிய கத்தி, ஜீன்ஸ், பருத்தி பனியன், உருமறைப்பு ஜாக்கெட் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். இப்போதே பை 16 கிலோ. எதைக் குறைக்கலாம்? எதை மறந்திருக்கிறேன்?

ஓடைக்கரை:
முதலில் ஜீன்ஸையும் பருத்தி பனியனையும் வெளியே எடுங்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு காயாமல் கிடக்கும். மேடேறி வியர்த்த உடம்போடு ஓரிடத்தில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் நடுக்கம் பிடிக்கும், நடுங்கும் கையால் குறி வைக்க முடியாது. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், அதன் மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை), எல்லாவற்றுக்கும் மேல் மழையும் காற்றும் புகாத ஒரு சட்டை. கனமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். லேசாகக் குளிரும்போதே நடையைத் தொடங்கி, உட்காரும் இடம் வந்ததும் போடுங்கள். ஒரு ஜோடி உலர்ந்த காலுறை தண்ணீர் புகாத உறையில் இருக்கட்டும்.

ஜீன்ஸில் இன்னொரு குறையும் உண்டு. மானுக்கு நீலம் நன்றாகத் தெரியும். சிவப்பும் ஆரஞ்சும் அப்படித் தெரியாது. அதனால் பளிச்சென்ற ஆரஞ்சு மேலங்கியும் தொப்பியும் போட்டால் மான் மிரண்டுவிடும் என்று பயப்படாதீர்கள். அது மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணில் நீங்கள் படுவதற்காக. பல இடங்களில் சட்டப்படியே கட்டாயம்.

40 தோட்டா வேண்டாம். பையில் 10 போதும், மீதி முகாமில் இருக்கட்டும். ஆனால் எந்தத் தோட்டாவால் 100 மீட்டரில் ஜீரோ பார்த்தீர்களோ (ஸ்கோப்பின் குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகச் சரிசெய்தீர்களோ), அதே தயாரிப்பு, அதே எடை. மாற்றினால் குண்டு விழும் இடமும் மாறும்.

நிழல்மரம்:
சுடுவதற்கு வேண்டியதெல்லாம் பட்டியலில் இருக்கிறது, சுட்ட பிறகு வேண்டியது ஒன்றுகூட இல்லை. மான் விழுந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. இறைச்சி கெடுவதற்கு முதல் காரணம் உடம்புச் சூடு உள்ளேயே தங்குவது. குடலை உடனே எடுத்துவிட வேண்டும். பின்தொடையில் சதை தடிமன். அங்கே எலும்பை ஒட்டித்தான் முதலில் புளித்த வாடை வரும், ஆகவே தொடையை எலும்புவரை பிளந்து காற்றாட விடுங்கள். எவ்வளவு சீக்கிரம் 4 டிகிரிக்குக் கீழே கொண்டுவருகிறீர்களோ அவ்வளவு நல்லது.

பெரிய கத்தி இரண்டும் வேண்டாம். 8 முதல் 10 செ.மீ. அலகுள்ள ஒன்றும், தீட்ட ஒரு சின்னக் கல்லும் போதும். நீண்ட முனை குடலைக் குத்திவிடும், இறைச்சி முழுக்க நாறும். கையுறை 2 ஜோடி, 10 மீட்டர் நைலான் கயிறு, காற்றோட்டமுள்ள துணிப்பை 4. பிளாஸ்டிக் பையில் மட்டும் சூடான இறைச்சியைப் போட வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துக் கெட்டுவிடும். தோளில் சுமந்து வரும்போது கொம்பின் மேல் ஆரஞ்சுத் துணி கட்டுங்கள். புதருக்கு மேலே கொம்பு மட்டும் நகர்வதைத் தூரத்தில் இருப்பவர் வேறு மாதிரி நினைத்துவிடக்கூடாது.

ஒரு முக்கியமான விஷயம்: சில இடங்களில் ஆணா பெண்ணா என்று தெரியும் உறுப்பை வெட்டாமல் இறைச்சியோடு கொண்டுவர வேண்டும். உங்கள் அனுமதிச்சீட்டின் விதியைப் படித்துவிட்டே கத்தியை எடுங்கள்.

புதுத்தடம்:
மிக்க நன்றி. தொலைநோக்கி வேண்டுமா? ஸ்கோப்பிலேயே பார்த்துக்கொண்டால் எடை குறையுமே?

ஓடைக்கரை:
கூடவே கூடாது. ஸ்கோப்பில் எதைப் பார்த்தாலும் குழல் அதை நோக்கித்தான் நிற்கும். அங்கே அசைவது மனிதராகவும் இருக்கலாம். எடை எவ்வளவு கூடினாலும் தொலைநோக்கி வேண்டும். 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.) எடுங்கள், 10 மடங்கில் கை ஆட்டம் அதிகம் தெரியும்.

வடக்குமுள்:
யாரும் சொல்லாத சில. ஹெட்லைட் இரண்டு, மாற்று பேட்டரியோடு. குளிரில் சாதாரண அல்கலைன் சீக்கிரம் தளர்ந்துவிடும், லித்தியம் வாங்குங்கள். போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி, விமானப் பயன்முறையில் வைத்து, உள்பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் வையுங்கள். இருந்தாலும் காகித வரைபடமும் திசைகாட்டியும் வேண்டும். ரைபிள் பக்கத்தில் இருந்தால் அதன் இரும்பு முள்ளை இழுக்கும், தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள்.

கத்தி வழுக்கிக் கையையோ தொடையையோ வெட்டுவது வேட்டையில் சகஜம். அழுத்துக்கட்டுத் துணியும் ஒரு டூர்னிக்கெட்டும் (கை காலை இறுக்கி ரத்தப்போக்கை நிறுத்தும் பட்டை) பையின் அடியில் அல்ல, ஒரு கையால் எட்டும் இடத்தில். டூர்னிக்கெட்டைக் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டின் மேல் படாமல் இறுக்கி, நேரத்தைக் குறித்து வையுங்கள்.

குழல் முனையை மூடி மின்நாடா (மின்கம்பியில் சுற்றும் ஒட்டுநாடா) ஒட்டினால் சேறும் பனியும் உள்ளே போகாது. சேறோ பனியோ அடைத்த குழலில் சுட்டால் குழல் வெடிக்கலாம். இரவில் ரைபிளைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் ஸ்கோப் கண்ணாடியில் நீர் கோக்கும். தோட்டாவை எடுத்துவிட்டு, பூட்டி, குளிரிலேயே விடுங்கள்.

போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். விசிலை மும்முறை ஊதினால் உதவி கேட்கிறீர்கள் என்று பொருள்.