சென்னை என்ற பெயர் நாயக்கருடையதா, பெருமாளுடையதா?

கடலோரப் பயணி:
உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்களை வியந்து எழுதும் பலரும், அங்கே முன்பு சென்னகேசவப் பெருமாள் கோயில் இருந்ததால்தான் ஊருக்கு இப்பெயர் வந்தது என்று அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடலோர மணல்வெளியைக் கொடுத்தவர் அப்பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். பூந்தமல்லியிலிருந்த அவர் தம்பி ஐயப்ப நாயக்கர், பழவேற்காட்டு டச்சுக்காரருக்கும் சாந்தோம் போர்த்துகீசியருக்கும் நடுவே, தந்தை சென்னப்ப நாயக்கர் பெயரால் ஓர் ஊரை எழுப்பினார் என்று அதே குடும்பத்து அங்கபூபாலர் இயற்றிய ‘உஷாபரிணயம்’ என்ற தெலுங்குக் காவியமே சொல்கிறது. பெயர் வைத்த வீட்டாரே சொல்வதை எப்படித் தள்ளுவது?

பூக்கடைவாசி:
ஐயா, தந்தையின் புகழைச் சொல்ல வந்த காவியம் ஊர்ப்பெயரையும் தந்தைக்கே உரிமையாக்குவது இயல்புதான். கோயிலுக்குக் கொடை அளித்த பதிவுகள் 1640களிலேயே கிடைக்கின்றன. 1746இல் பிரெஞ்சுக்காரரிடம் புனித ஜார்ஜ் கோட்டையைப் பறிகொடுத்த கம்பெனியார், அதன் வடக்கே பீரங்கிகளுக்கு வெட்டவெளி வேண்டும் என்று 1757இல் அக்கோயிலை இடித்தார்கள். பின்னர் மணலி முத்துகிருஷ்ண முதலியார் பெரும்பொருள் தந்து, தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவருக்கும் சென்னமல்லீசுவரருக்கும் அருகருகே கோயில்கள் எழச் செய்தார். கண்ணாடிக் கடைகளின் நெரிசலில், ஈரச் சாக்கின் மேல் குவித்த மல்லிகையின் மணத்தோடு அந்த வாசலை அடையும்போது, இடம் மாறியும் தெய்வத்தை விடாத மக்களை நினைத்து மனம் நெகிழ்கிறது. இதைத்தான் பட்டணம் கோயில் என்று அழைத்தார்கள்.

கடலோரப் பயணி:
கோயிலை இடித்தது கொடுமை என்பதில் நமக்குள் வேறுபாடில்லை. ஆனால் நீங்கள் காட்டும் கொடைகள் எல்லாம் 1639க்குப் பிந்தியவை. மதராஸ் என்பதன் மூலமாகச் சொல்லப்படும் மாதரசன்பட்டினம் என்ற பெயருக்காவது கிருஷ்ணகிரி அருகே பெண்ணேசுவரமடத்தில் 1367ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சென்னைக்கு அப்படி ஒரு முற்பட்ட சான்றைக் காட்டுங்கள். ஊர் பிறந்த பின் எழுந்த கோயில் ஊருக்குப் பெயர் தந்திருக்க முடியாது.

பூக்கடைவாசி:
காலத்தைப் பொறுத்தவரை உங்கள் வாதத்தை ஏற்கிறேன். முற்பட்ட கல்வெட்டு என்னிடம் இல்லை. ஆயினும் ‘சென்ன’ என்றால் தெலுங்கிலும் கன்னடத்திலும் அழகிய என்று பொருள். பேலூரில் 12ஆம் நூற்றாண்டிலேயே சென்னகேசவர் இருக்கிறார். பிள்ளைகளுக்குத் தெய்வப்பெயர் இடும் மண்ணில், சென்னப்பர் என்ற பெயர் மட்டும் எங்கிருந்து வந்திருக்கும்? பெயர் வழக்கு எப்படி முடிந்தாலும், 1892இல் திறந்த நீதிமன்றத்தையும் அதே வளாகத்தில் நிற்கும் 1844ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத் தூணையும் காட்டுகிறவர்கள், அங்கே நின்ற கோயிலையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.