எடின்பரோ வாசற்கற்கள்: இரண்டு சொற்கள் தேவை

அன்புடையீர், எடின்பரோ பழைய நகரைப் பற்றிய கையேட்டின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை அச்சுக்குத் தர வேண்டும். இரண்டு சொற்களில் தடைப்பட்டு நிற்கிறேன். லேடி ஸ்டேர் இல்லத்து வாசலின் மேற்கல்லில், ஆண்டவருக்கு அஞ்சித் தீமையை விட்டு விலகச் சொல்லும் வாசகத்துடன், 1622 என்ற ஆண்டும், வில்லியம் கிரே, அவர் மனைவி கெய்டா ஸ்மித் ஆகியோரின் முதலெழுத்துகளும் செதுக்கப்பட்டுள்ளன. மணமான பின்னும் ஸ்காட்லாந்துப் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரையே வழங்கிய காலம் அது. கணவன் மனைவி இருவரின் முதலெழுத்துகளையும் தாங்கிய இத்தகைய கல்லை (marriage lintel) 'மணக்கல்' எனலாமா? கேடயமும் தலைக்கவசமும் சேர்ந்த சின்னத்துக்குக் (coat of arms) 'குலச்சின்னம்' என எழுதியிருக்கிறேன்.

மறுமொழி 1

'மணக்கல்' வேண்டாம். அந்நகரின் பழைய வீடுகள் பெரும்பாலும் மணற்கல்லால் ஆனவை. அச்சுப்பிழை என்றே படிப்பவர் நினைப்பார். வாசலின் மேற்கட்டைக்கு உத்தரம் என்ற சொல் இருக்கிறது. நெடுநல்வாடை 'நாளொடு பெயரிய கோளமை விழுமரம்' என்பதற்கு, உத்தரம் என்னும் நாள்மீனின் பெயர் கொண்ட மரம் என்றே பழைய உரை பொருள் சொல்கிறது. ஆகவே 'மணவுத்தரம்'.

மறுமொழி 2

உத்தரம் வடசொல், புலவர் அதை நேரே சொல்லாமல் சுற்றி வளைத்ததே அதற்குச் சான்று என்பேன். 'மணநிலைக்கல்' போதும். சின்னத்துக்குப் 'பொறி' என்க: இமயத்தில் சேரன் பொறித்தது வில், பாண்டியனுடையது கயற்பொறி.

மறுமொழி 3

பொறி சரி, அதைப் பற்றிய துறையை என்னவென்று அழைப்பீர்கள்? பொறியியல் என்றால் பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எப்போது என்று கேட்பார்கள்! 'குலச்சின்னம்' இன்னும் பெரிய பிழை. ஸ்காட்லாந்துச் சட்டப்படி அச்சின்னம் ஒரு தனி மனிதருக்கே உரியது. லார்ட் லயன் என்னும் அரச அதிகாரி வழங்கி, 1672ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட பதிவேட்டில் எழுதியாக வேண்டும். அதே குடிப்பெயர் கொண்ட மற்றவர் எடுத்துக்கொள்ள முடியாது. அரசன் ஒருவனுக்கு அளித்த அடையாளம் என்பதால் பழைய 'விருது' கச்சிதமாகப் பொருந்தும். இன்று அது பரிசாகிவிட்டதுதான் இடர். இலங்கையில் நாள்தோறும் வழங்கும் 'இலச்சினை'யை ஏன் விட வேண்டும்? துறை 'இலச்சினையியல்' ஆகட்டும்.

மறுமொழி 2

இலச்சினையும் இலாஞ்சனையிலிருந்து வந்ததே.

மறுமொழி 1

வந்து பல நூற்றாண்டு ஆயிற்று, ஐயா. அதே நகரின் கேனன்கேட் தெருவில் அச்சிசன் இல்லத்து வாசலுக்கு மேலே, 1633ஆம் ஆண்டுக் கல்லில், எக்காளத்தின் மீது சேவல் நிற்கிறது. அது கேடயத்தில் இருப்பதன்று, தலைக்கவசத்தின் மேல் சூடும் உறுப்பு. அதற்கும் சொல் வேண்டும். 'சூடுசின்னம்' என முன்மொழிகிறேன்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இலச்சினை, சூடுசின்னம் இரண்டையும் கொள்கிறேன். கல்லுக்குப் பெரும்பான்மை 'மணநிலைக்கல்' பக்கம் இருப்பதால் அதையே அனுப்புகிறேன்.

மறுமொழி 1

நிலை என்றால் இரு பக்கக் கால்களும் சேர்ந்துவிடும். எழுத்து இருப்பதோ மேலே மட்டும். என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்க.