வீட்டில் பேசாத மொழி மரபாக நிற்க முடியுமா? மொரிசியஸ் குறித்து ஓர் ஐயம்

தாள்சேகரி:
பல நாட்டுப் பணத்தாள்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அண்மையில் கைக்கு வந்த மொரிசியஸ் 25 ரூபாய்த் தாளில் ஆங்கிலத்தை அடுத்துத் தமிழிலும், அதற்குப் பின் இந்தியிலும் தொகை எழுதப்பட்டிருந்ததைக் கண்டு பெருமையாக இருந்தது. ஆனால் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தபோது குழப்பமே மிஞ்சியது. பிரெஞ்சை அடியாகக் கொண்டு அங்கே உருவான கிரியோல் மொழியை வீட்டில் பேசுவோர் ஏறத்தாழ 84 விழுக்காடு, போஜ்புரி பேசுவோர் 5 விழுக்காடு என்று அது கூறுகிறது. தமிழ் பேசுவோர் தொகையோ மிகச் சொற்பம். வீட்டில் பேசப்படாத மொழி ரூபாய்த் தாளில் எப்படி இடம்பிடித்தது? அங்குள்ளவர்கள் தங்களைத் தமிழர் என்று எந்தப் பொருளில் சொல்லிக்கொள்கிறார்கள்?

கரும்புக்காடு:
வரலாற்றை இரண்டு அலைகளாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவு கிடைக்கும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பகுதியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். 1810இல் தீவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், அங்கிருந்தோரின் மொழிக்கும் சட்டத்துக்கும் கைவைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டதனால்தான், ஆட்சி மாறியும் பிரெஞ்சும் கிரியோலும் நிலைத்தன. அடிமை முறை ஒழிந்த காலத்தில், 1834 முதல், ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் போஜ்புரி பேசும் பீகார்ப் பக்கத்தவர் என்பதால் கரும்புத் தோட்டங்களில் போஜ்புரியே பொதுமொழியாயிற்று. தமிழரும் தெலுங்கரும் அதைக் கற்றுக்கொண்டுதான் வேலை செய்தார்கள். பின்னர் கிரியோல் எல்லாரையும் ஈர்த்துக்கொண்டது. ஆகவே அங்கே தமிழ் தேய்ந்தது ஒரே அடியில் அன்று, இரண்டு படிகளில்.

பெயர்களில் அது இன்னும் இருக்கிறது. ஆறுமுகம், சுப்பிரமணியன், முத்துசாமி என்று கப்பலில் வந்தவர்களின் பெயர்கள், எழுத்தரின் காதில் விழுந்தபடி ஐரோப்பிய எழுத்தில் பதிவாகி, பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன. தந்தையின் பெயர் அடுத்த தலைமுறையோடு மாறிவிடும் நம் வழக்கம் அந்தப் பதிவேட்டில் நின்றுபோனது.

முன்னோர்மொழி:
மேலே உள்ள விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்நாட்டுக் கணக்கெடுப்பு வீட்டில் பேசும் மொழியோடு நிறுத்திக்கொள்வதில்லை. முன்னோரின் மொழி எது என்பதையும் தனியாகக் கேட்கிறது. இனத்தைப் பற்றிய கேள்வி 1972க்குப் பிறகு கைவிடப்பட்டதால், அடையாளத்தைச் சொல்ல மக்களுக்கு எஞ்சிய இடங்களுள் இந்த மொழிக் கேள்வி முக்கியமானது. ஒரு வாக்கியம்கூடத் தமிழில் பேசாதவர் அங்கே 'தமிழ்' என்று எழுதுவதை நான் பொய்யென்று கருதவில்லை. அவர் சொல்வது தம் பேச்சைப் பற்றியன்று, வம்சத்தைப் பற்றி.

அந்த உணர்வு எவ்வளவு ஆழமானது என்பதற்கு 1998 சான்று. அவ்வாண்டு வெளியிடப்பட்ட புதிய தாள்களில் இந்தி முன்னும் தமிழ் பின்னுமாக வரிசை மாறியிருந்ததைத் தமிழர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். தாள்கள் திரும்பப் பெறப்பட்டுப் பழைய வரிசையிலேயே மீண்டும் அச்சிடப்பட்டன. உங்கள் கையிலுள்ள தாளின் வரிசைக்குப் பின்னே இந்தப் போராட்டம் இருக்கிறது.

தாள்சேகரி:
மிக்க நன்றி. வரிசைக்காக ஒரு போராட்டமே நடந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. பள்ளியில் தமிழ் கற்றுத்தருகிறார்களா?

கீரைப்பாத்தி:
தொடக்கப்பள்ளிகளில் இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி ஆகியவற்றோடு தமிழும் விருப்பப்பாடமாக உண்டு. 2012 முதல் கிரியோலும் அதே விருப்பப்பாட வரிசையில் சேர்க்கப்பட்டது. இதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை வீட்டில் பேசும் மொழியையும் பாட்டனின் மொழியையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இரண்டுக்கும் நல்லதன்று. கிரியோலை எல்லாருக்கும் வைத்துவிட்டு, முன்னோர் மொழியை அதற்கு மேல் தந்திருக்கலாம்.

மேலும், 'தமிழ் போய்விட்டது' என்று இங்கே பேசப்படுவது முழு உண்மையன்று. சந்தையில் கிரியோல் பேசும் ஆப்பிரிக்க வம்சத்துப் பெண் கொத்தமல்லியைக் 'கோத்தோமிலி' என்றும், முருங்கைக் கீரையை 'முரூம்' என்றும், பீர்க்கங்காயைப் 'பிப்பங்காய்' என்றும்தான் கேட்பார். ரசம் அங்கே 'ரசோன்'. காவடித் திருநாளில் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறிச் சாப்பாட்டுக்குப் பிரெஞ்சிலேயே 'செத் காரி' என்று பெயர் வந்துவிட்டது. கணக்கெடுப்புப் படிவத்தில் இதை எழுத இடமில்லை. அந்தப் பெண்ணின் முன்னோர் மொழி தமிழ் அன்று. ஆனாலும் அவர் நாள்தோறும் சொல்லும் சொற்களில் சில நம்முடையவை.