புளோக் தாழ்வாரத்தில் பகிர்வு அலமாரி வைக்கலாமா?

தெம்பனிஸ்வாசி: சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில், எங்கள் மாடியில் தனியாக வாழும் முதியவர்கள் அதிகம். வேண்டியவர் எடுத்துக்கொள்ளச் சின்ன உணவு அலமாரி வைக்க ஆசை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

மாடி12: முதலில் தாழ்வாரத்தை அளந்து பாருங்கள். அலமாரி போக 1.2 மீட்டர் வழி இருக்க வேண்டும், தீப்பாதுகாப்பு விதி அது. புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்திடமும் எழுதிக் கேட்டுவிடுங்கள். இரும்பு அலமாரி நல்லது. அட்டைப்பெட்டி சட்டென்று தீப்பிடிக்கும்.

மளிகைக்காரர்: சமைத்த சாப்பாடு வேண்டவே வேண்டாம், இங்குள்ள வெக்கையில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். பிஸ்கட், டின் மீன், மைலோ வையுங்கள். அரிசி 1 கிலோ பொட்டலமாக இருக்கட்டும். 5 கிலோ மூட்டையைப் பாட்டிமார் தூக்க முடியாது. ஹலால் முத்திரை பார்த்து வாங்கினால் மலாய்க் குடும்பங்களும் தயங்காமல் எடுப்பார்கள். பிரித்த பொட்டலம் இருந்தால் கரப்பான் வரும், அதோடு புகாரும் வரும். காலாவதித் தேதியைக் கொட்டை எழுத்தில் ஒட்டுங்கள், பொடி எழுத்து முதியவர்களின் கண்ணுக்குத் தெரியாது.

கனிமொழி: பெரிய சிக்கல் கூச்சம்தான். யார் வீட்டுச் சன்னலுக்கும் நேரே வைக்காதீர்கள், பார்க்கிறார்கள் என்று தோன்றினால் கை நீளாது. ‘உதவி’ என்று எழுதாமல் ‘எடுங்கள், வையுங்கள்’ என்று ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழியிலும் எழுதுங்கள். முதல் வாரம் கதவைத் தட்டி, “ஆன்ட்டி, வீட்டுல கூடுதலா இருக்கு, எடுத்துக்குங்க” என்று நீங்களே கொடுங்கள். பதிலுக்கு அவர் நாலு ஆரஞ்சு நீட்டினால் மறுக்காதீர்கள். வாங்கிக்கொண்டால்தான் அடுத்த முறை தயங்காமல் எடுப்பார்.