வீட்டுக்குள் தெரியும் கமரா, வெளியே போனால் தெரிவதில்லை

வெள்ளவத்தை மகள்:
அம்மா வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தனியாக இருக்கிறார். எனக்கு கோட்டையில் வேலை. வாசலில் ஒரு ஐபி கமரா (வீட்டு வலையமைப்பில் இணைத்துப் படம் பார்ப்பது) பூட்டியிருக்கிறோம். பழைய செம்புக் கம்பி இணைப்பு இருந்தபோது ஒஃபீசிலிருந்தே படம் பார்த்தேன். ஃபைபருக்கு மாறிய பிறகு வெளியிலிருந்து திறக்கவே மாட்டேன் என்கிறது. வீட்டு வைஃபையில் நன்றாகத் தெரிகிறது. புது ரவுட்டரில், கமராப் படம் போகும் 554ஆம் போர்ட்டை (இணைப்பு வாசலை) கமராவின் வீட்டு முகவரியான 192.168.1.108க்குத் திருப்பிவிட்டேன், பலனில்லை. நிறுவனத்துடன் கதைத்தால் ரவுட்டரை நிறுத்திப் போடச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. பெல் அடித்தால் எழும்பிப் போவதற்குள் வந்தவர் போய்விடுகிறார். யார் நிற்கிறார்கள் என்று நான் பார்த்துச் சொன்னால் அவருக்கு நிம்மதி.

கொட்டாஞ்சேனை:
வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் சோதித்தீர்களா? வீட்டுக்குள் இருந்தபடி பொது முகவரியை (வெளி இணையத்தில் தெரியும் எண்ணை) போட்டுப் பார்த்தால் சில ரவுட்டர்கள் பதிலே தராது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபி (நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி) என்ன இருக்கிறது, இணையத்தில் ‘என் ஐபி’ என்று தேடினால் என்ன வருகிறது, இரண்டையும் பாருங்கள்.

வெள்ளவத்தை மகள்:
டேட்டாவிலும் இல்லை அண்ணா. ரவுட்டரில் 100.79 என்று தொடங்குகிறது. இணையத்தில் முற்றிலும் வேறு எண்.

தெகிவளை கமராக்காரன்:
தங்கச்சி, அப்படியென்றால் உங்கள் ரவுட்டரில் ஒரு பிழையும் இல்லை. 100.64 முதல் 100.127 வரையான முகவரிகள், ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்வதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகளுக்குத் தட்டுப்பாடு. ஆசிய-பசிபிக் பகுதி 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைக்கின்றன. சிஜிநாட் என்பது இதுதான். வெளியிலிருந்து வரும் அழைப்பு நிறுவனத்திலேயே நின்றுவிடும், உங்கள் ரவுட்டர்வரை வராது. கீழே வாச்சர் மறித்த ஆளுக்காக மேலே வீட்டுக் கதவைத் திறந்து வைத்து என்ன பயன்?

மாதக் கட்டணத்துக்குப் பொது ஐபி தரும் நிறுவனங்கள் உண்டு. நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். திறந்த 554ஐ இணையம் முழுக்கத் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் இருக்கின்றன. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல், தயாரிப்பாளர் போட்ட கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கமராக்களையும், படம் பதியும் டிவிஆர் பெட்டிகளையும்தான் வளைத்துப் பிடித்தது. அம்மா தனியாக இருக்கிற வீட்டு வாசலை ஊர் பார்க்கும் இடத்தில் வைக்கவே வேண்டாம். போர்ட்டை மூடுங்கள், கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க விடும் யுபிஎன்பியையும் நிறுத்துங்கள், கமராவின் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

அதற்குப் பதில் டெயில்ஸ்கேல் போடுங்கள், உங்கள் கருவிகளை மட்டும் இணைக்கும் தனி வலையமைப்புச் செயலி அது. இதில் வீட்டுப் பக்கத்திலிருந்தே இணைப்பு வெளியே போவதால் சிஜிநாட் தடுக்காது. கமராவுக்குள் அதை நிறுவ முடியாது, எப்போதும் ஓடும் ஒரு சிறு கணினி வேண்டும். ராஸ்பெரி பை போதும். அதில் ஐபி ஃபோர்வர்டிங்கை (வரும் தரவை மற்றக் கருவிக்குக் கடத்துவதை) இயக்கி, 192.168.1.0/24 என்ற வீட்டு வலையமைப்பை டெயில்ஸ்கேலுக்கு அறிவித்து, பிறகு அதன் நிர்வாகப் பக்கத்தில் அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த அனுமதியைத்தான். அப்புறம் உங்கள் போனில் அதே கணக்கால் நுழைந்து, கமரா ஆப்பில் 192.168.1.108 என்றே கொடுங்கள். அந்த முகவரி மாறாதபடி ரவுட்டரின் டிஎச்சிபியில் (வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் பகுதியில்) ஒதுக்கிவிடுங்கள். டெயில்ஸ்கேல் தரும் முகவரியும் 100இல்தான் தொடங்கும், குழம்ப வேண்டாம். ஒஃபீஸ் வைஃபையும் 192.168.1 என்றால் முட்டிக்கொள்ளலாம், டேட்டாவில் பாருங்கள். தரம் குறைந்த சப் ஸ்ட்ரீம் படத்தைத் தெரிவு செய்தால் டேட்டாவும் மிச்சம்.

கொட்டாஞ்சேனை:
2022 மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கு வாங்கிய மினி யுபிஎஸ் வீட்டில் இருந்தால் எடுத்துப் பூட்டுங்கள். ஃபைபர் பெட்டி, ராஸ்பெரி பை, கமரா எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும்.

வெள்ளவத்தை மகள்:
போர்ட்டை மூடிவிட்டேன், கடவுச்சொல்லும் மாற்றியாயிற்று. ராஸ்பெரி பை வாங்க சனிக்கிழமை யூனிட்டி பிளாசா போகிறேன். இரவில் சில நேரம் வீட்டுக்குள்ளேயே படம் உறைகிறதே, அதற்கும் இதுதான் காரணமா?

தெகிவளை கமராக்காரன்:
இல்லை, அது வேறு. இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கமரா கூடுதல் மின்சாரம் இழுக்கும், அடாப்டர் பலவீனம் என்றால் தடுமாறும். கேபிள் முனையையும் கழற்றிப் பாருங்கள். கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றில் ஊசிகளில் பச்சை பூத்திருந்தால், அந்தத் தலையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும்.